தீர்ப்பு கிடைத்துவிட்டது, அது இன்றும் செல்லுமா?

கேள்வி: சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். விடுமுறை நாட்களில் தென்காசியில் ஒரு சிவில் வக்கீல் ஆபீசுக்குப் போய் வேலை பழகுகிறேன். ஒரு பாகப்பிரிவினைத் தாவாவில் எங்கள் கட்சிக்காரர் மகள். அவருடைய அப்பா 2003-லேயே இறந்துவிட்டார். அப்படியானால் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை இல்லை என்று சொல்லும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இணையத்தில் கிடைத்தது. எடுத்துப் போனேன். “இது இப்போ செல்லாதும்மா” என்று சீனியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டணத் தளங்களுக்குச் சந்தா கட்ட எனக்கு வசதியில்லை. இலவசத் தளங்களையும் சாட்ஜிபிடியையும் வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சட்ட ஆராய்ச்சி செய்ய முடியுமா? ஜர்னல்கள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முடியும். ஆனால் இலவசத் தளம் தருவது தீர்ப்பின் வாசகத்தை மட்டும்தான். அந்தத் தீர்ப்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. காசு கொடுத்து வாங்குவது முக்கியமாக இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். காசு இல்லாதவர் அந்த வேலையைத் தானே செய்யப் பழகிக்கொள்ள வேண்டும். பழகினால் வரும்.

நீங்கள் எடுத்துப் போனது பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கின் தீர்ப்பு என்று நினைக்கிறேன். 2015 அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் வழங்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பாவும் மகளும் உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்காளி உரிமை, அதாவது பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பிறப்பால் வரும் பங்கு, உண்டு என்றது. 2018-ல் தனம்மா வழக்கில் வேறு இரு நீதிபதிகள், 2001-லேயே இறந்துபோன ஒருவரின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இரண்டும் முரண்பட்டதால் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 11.8.2020 அன்று விநீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் அந்த அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, பூலாவதி தீர்ப்பை ரத்து செய்தது. 20.12.2004-க்கு முன் முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் இது கலைக்காது.

பூலாவதி தீர்ப்பு இன்றும் இணையத்தில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கங்களில் எந்த எழுத்தும் மாறவில்லை. தேடினால் வரத்தான் செய்யும்.

உங்கள் தாவாவில் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு 2005 வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். 1990-ம் ஆண்டின் 1-வது மாநிலச் சட்டம், 25.3.1989 முதல் அமலாகும்படி, 29-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மகள்களுக்குப் பங்காளி உரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. ஆகவே கட்சிக்காரருக்கு எந்த ஆண்டு திருமணம் ஆனது என்று கேளுங்கள். மத்தியச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிப்பவர் கண்ணில் இந்த மாநிலத் திருத்தம் படாது. நில வழக்கு, குத்தகை, வாரிசுரிமை எதுவானாலும் முதலில் சட்டப் பிரிவு, அடுத்து மாநிலத் திருத்தம், அதற்கப்புறம்தான் தீர்ப்பு. மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டுமே அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூகுளில் ஆரம்பிக்கும் பழக்கம்தான் பலரைத் தீர்ப்பிலிருந்து தொடங்க வைக்கிறது.

சரி, ஒரு தீர்ப்பு செல்லுமா என்பதை இலவசமாக எப்படிப் பார்ப்பது? இந்தியன் கானூன் என்ற இலவசத் தீர்ப்புத் தளத்தில் ஒவ்வொரு தீர்ப்பின் பக்கத்திலும் அதைப் பின்னால் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியல் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் பிரித்து, கடைசியாக வந்ததிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை நீதிபதிகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தீர்ப்பைத் தந்த அமர்வைவிடப் பெரிய அமர்வு ஏதாவது தென்பட்டால், வேறு எதையும் தொடாமல் அதை முதலில் திறங்கள். பூலாவதியின் பட்டியலை இப்படிப் பார்த்திருந்தால் விநீதா சர்மா உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அப்புறம், உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் அது மேல்முறையீட்டுக்குப் போனதா என்று கட்சிக்காரர் பெயரை வைத்து உச்ச நீதிமன்றத் தளத்திலும் தேடிப் பாருங்கள். மேல்முறையீட்டில் மாறிப்போன தீர்ப்பும் இணையத்தில் பழையபடியேதான் கிடக்கும்.

தேடல் முடிவில் வரும் இரண்டு வரியை நம்பி எதையும் குறித்துவிடாதீர்கள். அந்த இரண்டு வரி நீதிமன்றம் சொன்னதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் அது மனுதாரர் தரப்பு வக்கீலின் வாதம், நீதிமன்றம் அதை எழுதிவிட்டு அடுத்த பத்தியில் நிராகரித்திருக்கும். சில நேரம் மாறுபட்ட நீதிபதியின் சிறுபான்மைக் கருத்தாக இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த பத்தியை எடுத்து வாசித்தால் உங்கள் சீனியர் அங்கே என்ன செய்வார்? அந்தப் பத்திக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து பத்தியாவது படித்துவிட்டுத்தான் குறிப்பு எழுத வேண்டும்.

இந்தியன் கானூன் 2008-ல் வந்தது. சட்ட ஆராய்ச்சியை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். தாலுகா கோர்ட்டில் தொழில் செய்கிறவருக்கும் சென்னையில் பெரிய நூலகம் வைத்திருப்பவருக்கும் ஒரே தீர்ப்பு ஒரே நாளில் கிடைப்பது அதற்கு முன் நடக்காத காரியம். இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. தீர்ப்பின் வாசகத்துக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது, ஜர்னல் நிறுவனம் தன் உழைப்பில் சேர்க்கும் ஹெட்நோட் (தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கக் குறிப்பு) போன்றவற்றுக்கே பாதுகாப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் தெளிவாக்கியது.

கோர்ட்டில் கொடுக்கும் நகல் மட்டும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் என்ற பெயரில் தன் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் தொகுப்பைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதே ஆண்டில் தீர்ப்புகளுக்கு ஐஎன்எஸ்சி என்ற பொது எண்ணும் வந்தது. எந்த ஜர்னலும் வாங்காதவர்கூட ஆண்டு, ஐஎன்எஸ்சி, எண் மூன்றையும் சொல்லித் தீர்ப்பைக் குறிப்பிடலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது. உங்கள் வழக்கின் வாய்தாவையும் உத்தரவுகளையும் பார்க்க ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் ஒன்று போதும். சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. கட்சிக்காரருக்கு விளக்க அவை நல்ல உதவி. வாதத்துக்கு ஆங்கில மூலம்தான்.

கிரிமினல் பக்கம் போனால் இப்போது கூடுதல் கவனம் தேவை. 1.7.2024 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபிறகு பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஓர் உதாரணம்: முன்ஜாமீன் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்-ல் 482. பழைய சட்டத்தில் 482 என்பது வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரம், அது இப்போது 528. “482” என்று மட்டும் தட்டினால் முன்ஜாமீனும் வழக்கு ரத்தும் கலந்து வந்து விழும். பிரிவு எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய எண்ணையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பல ஆண்டுத் தீர்ப்புகள் அந்த எண்ணின் கீழ்தான் கிடக்கின்றன. குற்றம் 1.7.2024-க்கு முன் நடந்ததென்றால் தண்டனைக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும். எனவே தேடலுக்கு உட்காரும் முன் சம்பவத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப் பிரிவே செத்துப்போயும் புத்தகத்தில் இருப்பது உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 24.3.2015 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதற்கப்புறமும் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். ஆட்களைக் கைது செய்யும் இடத்தில் இப்படி நடந்தது. அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருக்க, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருந்ததும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பேர் ஆக்ட்டின், அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தின், அடிக்குறிப்பையும் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்டீர்கள். அதனிடம் தீர்ப்பின் பெயரைக் கேட்காதீர்கள். இல்லாத வழக்கை, கட்சிக்காரர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு உண்மைபோலவே எழுதித் தரும். நியூயார்க்கில் மாடா எதிர் ஏவியாங்கா வழக்கில் இப்படிக் கிடைத்த போலி வழக்குகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம் ஊரிலும் வந்துவிட்டது. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் தந்த ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதித்துறையில் தீர்ப்பு முடிவுகளுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கையே வகுத்தது.

அது பயன்படும் இடமும் உண்டு. உங்கள் பிரச்சினையைச் சொல்லி, இதை ஆங்கிலத் தீர்ப்புகளில் என்னென்ன சொற்களில் எழுதுவார்கள் என்று கேளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குச் சரியான தேடல் சொல் கிடைப்பதே பாதி வேலை. அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு தீர்ப்புத் தளத்துக்குப் போங்கள். நீங்கள் முழுசாகப் படித்து முடித்த ஒரு நீண்ட தீர்ப்பின் சுருக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் அதைக் கேட்கலாம். கட்சிக்காரரின் பெயர், சர்வே எண், பத்திர விவரம் எதையும் அதில் ஏற்றாதீர்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது நாளை பதிவு செய்ததும் உங்களைச் சட்டப்படியே கட்டுப்படுத்தும்.

படிப்புக்கு இணையம் தரும் பெரிய வரம் நேரலை விசாரணைகள். 2018-ல் அந்த உரிமையை வாங்கித் தந்த வழக்கின் முதல் மனுதாரர் ஸ்வப்னில் திரிபாதி ஒரு சட்ட மாணவர். 2022 செப்டம்பர் முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு வழக்கின் வாதத்தை முதலில் பாருங்கள், அப்புறம் தீர்ப்பைப் படியுங்கள், எந்த வாதம் எடுபட்டது என்று கவனியுங்கள். மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் சட்டப் பாடங்கள் இலவசம். ஆனால் இணையத்திலோ அஞ்சல்வழியிலோ எல்எல்பி தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். நேரில் கல்லூரிக்குப் போய்ப் படிக்காத பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அகில இந்திய பார் தேர்வுக்குக் குறிப்பு எழுதாத அச்சிட்ட பேர் ஆக்ட்டைத்தான் உள்ளே கொண்டுபோகலாம் என்பதால், முக்கியச் சட்டங்களைப் புத்தகமாகவே வாங்கிப் புரட்டிப் பழகுங்கள். போனில் தேடிப் பழகிய விரலுக்குத் தேர்வு ஹாலில் பக்கம் சீக்கிரம் சிக்காது.

ஜர்னல் சந்தா இப்போது வேண்டாம். சிவில் ஆபீசில் பழைய தீர்ப்புக்கு எம்எல்ஜே (மெட்ராஸ் லா ஜர்னல்) தொகுதிகள் தேவைப்படும், அதற்கு உங்கள் கல்லூரி நூலகத்தையும் சீனியரின் அலமாரியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் கட்டணத் தளத்தின் சந்தா இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள், பல இடங்களில் மாணவர்களுக்குத் தெரியாமலே அது கிடக்கிறது. சொந்தமாக வழக்கு நடத்தத் தொடங்கி, வாரத்தில் பல மணி நேரம் தீர்ப்பின் நிலையைச் சரிபார்ப்பதிலேயே போகிறது என்ற கட்டம் வரும்போது சந்தா கட்டினால் போதும்.