ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சார்ட் அட்டையில் சிற்பம் செய்யச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில், சார்ட் அட்டையை வைத்தே ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்கிறீர்கள். வளைமடிப்பே போதும், அதாவது நேர்க்கோட்டில் மடிக்காமல் வளைகோட்டில் மடிப்பது. 1920களின் இறுதியில் ஜெர்மனியின் பாவ்ஹாவ்ஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் யோசெப் ஆல்பர்ஸ் வகுப்பில் மாணவர்கள் செய்த பயிற்சி இது.

10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அதே மையத்தில் 8.5, 7, 5.5, 4, 2.5 என உள்வட்டங்கள். மையத்தை ஊசியால் துளைத்து, 8.5, 5.5 வட்டங்களை முன்பக்கமும் 7, 4 வட்டங்களைப் பின்பக்கமும் வரையுங்கள். மடித்த செய்தித்தாள்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இந்தக் கோடுகளை அழுத்துங்கள். பிளேடு வேண்டாம், கொஞ்சம் ஆழமானாலும் மடிப்பில் கிழியும். கடைசியில்தான் வெளிவட்டத்தையும் நடுவிலுள்ள 2.5 வட்டத்தையும் வெட்ட வேண்டும். முதலிலேயே நடுவை வெட்டினால் காம்பஸ் ஊன்ற இடமிருக்காது.

அழுத்திய கோடு ஒவ்வொன்றும் பள்ளமாகத் தெரியும். அதற்கு எதிர்ப்பக்கமாக, விரல் நுனியால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக மடிக்கவும். ஒரே இடத்தில் முழுக்க மடித்தால் அங்கே நசுங்கி முறியும். மடிப்பு இறுக இறுக வளையம் குதிரைச் சேணம்போல் முறுக்கிக்கொள்ளும். 'கெட்டுப்போச்சு சார்' என்று பிள்ளைகள் தட்டையாக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். சுற்றளவு மாறாமல் ஆரம் மட்டும் சுருங்குவதால் வரும் முறுக்கு அது, சிற்பமே அதுதான்.

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) அட்டை ஈரம் குடித்து மடிப்பு தளர்ந்துவிடும். ஜூன், ஜூலையில் இந்தப் பாடத்தை வைக்காதீர்கள்.