கடைசி ஸ்வரத்தில் மூச்சு அறுகிறதா?

கேள்வி: நண்பனின் திருமண வரவேற்பில் கனடாவின் ஷெரிஃப் குழு பாடிய ‘வென் ஐம் வித் யூ’வை எங்கள் குழுவோடு பாடப்போகிறேன். கடைசியில் நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம் மட்டும் ஒன்பது, பத்து நொடியில் அறுந்துவிடுகிறது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கவலைப்படவேண்டிய இடத்தில்தான் கவலைப்படுகிறீர்கள். கீபோர்டு வாசித்த ஆர்னால்ட் லானி எழுதிய இந்தப் பாட்டு 1983-ல் வெளியானபோது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் 61-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1985-ல் குழுவே கலைந்துவிட்டது. பிறகு வானொலிகள் தூசி தட்டி எடுத்துப் போட, 1989 பிப்ரவரியில் பில்போர்டில் முதலிடம். பதிவில் குழுவின் பாடகர் ஃப்ரெடி கர்சி அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பிடிப்பது ஏறக்குறைய 19 நொடி. பாட்டைத் தெரிந்தவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

உங்களுக்கு மூச்சு போதவில்லை என்பதைவிட, முதல் மூன்று நொடியிலேயே பாதியைச் செலவழித்துவிடுகிறீர்கள் என்பதே என் ஊகம். வாய்க்கு முன்னால் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்து அந்த ஸ்வரத்தைத் தொடங்கிப் பாருங்கள். சூடான காற்று கையில் மோதினால் ஒழுகல் அங்கேதான். குரல்நாண்கள் சேர்வதற்கு முன்பே காற்றைத் தள்ளுகிறீர்கள்.

இதற்கு ஸ்ட்ரா பயிற்சிபோல வேறொன்றில்லை. அரை தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, அதன் வழியாக ‘ஊ’ என்று சுகமான சுருதியில் ஊதிக்கொண்டே பாடுங்கள். குமிழிகள் ஒரே அளவில், ஒரே வேகத்தில் வரவேண்டும். தொடக்கத்தில் கொப்பளித்துப் பிறகு அடங்கினால், கையில் பட்ட அதே ஒழுகலைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள். காலை, மாலை ஐந்து நிமிடம் போதும். கூடவே ‘ஸ்ஸ்’ என்று சீராக மூச்சை விட்டு, மொபைலில் நொடி எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு நொடி கூடினாலே நல்ல முன்னேற்றம். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.

மூச்சை முட்ட முட்ட இழுக்காதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. நெஞ்சு நிரம்பி வழிந்தால் காற்று தானாக வெளியே முண்டும், அதை அடக்கத் தொண்டை இறுகும். முக்கால் அளவு போதும். தோள் உயராமல், விலாவும் இடுப்பின் பக்கங்களும் விரியட்டும். பாடும்போது அந்த விரிவை உடனே தளர்த்தாமல் தாங்கிக்கொள்ளுங்கள். கர்நாடக சங்கீதத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வை பிடித்துப் பழகியிருந்தால் இது உடம்புக்குத் தெரிந்த வேலைதான்.

கடைசி வரிக்கு முன் எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு எடுப்பது என்று பாட்டுத்தாளில் பென்சிலால் குறித்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே எடுங்கள். ஸ்வரத்தை முழுச் சத்தத்தில் தொடங்கவேண்டாம், பாதிச் சத்தம் போதும். மைக்கை உதட்டருகே வைத்துத் தொடங்கி, குரல் பெருகும்போது மெல்ல விலக்குங்கள். முடிவில் சுருதி கீழே இறங்கினால் மூச்சுத் தாங்கல் முன்பே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் தொண்டையை நெரித்து இன்னும் இரண்டு நொடி பிழியாதீர்கள், விட்டுவிடுங்கள்.

சுருதி உயரமாக இருந்தால் தயங்காமல் குறையுங்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மைனஸ் இரண்டில் வைத்து, கிதார்காரரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் சொன்னால் குழப்பம்.

முழு நீளத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவைக்கு மேல் வேண்டாம். குரல் கரகரத்தால் அன்றைக்கு ஓய்வு. இரண்டு வாரம் தாண்டியும் கரகரப்பு போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஆறு வாரத்தில் 19 வராமல் போகலாம். 13, 14 நொடி சுத்தமாக வந்தால் அதையே பாடுங்கள், நடுங்கும் 19-ஐவிட அது எவ்வளவோ மேல். நீங்கள் தலையசைத்ததும் கீபோர்டுக்காரர் அதே ஸ்வரத்தை ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் ஏந்திக்கொள்ளட்டும். அந்தக் கைமாற்றத்தை ஒத்திகையில் பத்துமுறையாவது பார்த்துவிடுங்கள்.