பெட்டி நிறையச் சான்றிதழ் இருந்தால் போதுமா?

கேள்வி: பதினொரு ஆண்டுகள் வாலிபால் ஆடி, தேசியப் போட்டிகளில் தமிழ்நாடு அணியோடு பதக்கங்கள் வென்றிருக்கிறேன். அமெரிக்காவில் பயிற்சியாளராகப் பணியாற்ற, 'அசாதாரணத் திறமை' பிரிவில் கிரீன் கார்டு கேட்க விரும்புகிறேன். பெட்டி நிறையச் சான்றிதழ்கள் உள்ளன; போதுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் குறிப்பிடுவது ஈபி-1ஏ பிரிவு. வேலை தரும் நிறுவனம் இல்லாமலே, இதற்கான ஐ-140 என்ற குடியேற்ற மனுவை நீங்களே தாக்கல் செய்யலாம். ஒலிம்பிக் பதக்கம் போன்ற பெருஞ்சாதனை இல்லாதவர்கள், விதி கூறும் 10 வகைச் சான்றுகளில் குறைந்தது 3 வகையைக் காட்ட வேண்டும். அணியாகப் பெற்ற பதக்கமும் கணக்கில் வரும் என்று 2024 அக்டோபரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை தெளிவுபடுத்தியிருப்பதால், அதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் மூன்றைக் காட்டியதோடு வேலை முடிந்துவிடாது. இதே பிரிவு தொடர்பாக 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த கசாரியன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, சான்றுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, மனுதாரர் தம் துறையின் உச்சியில் நிற்கும் மிகச் சிலரில் ஒருவர்தானா என்று குடியேற்ற அதிகாரி எடைபோடுகிறார். ஆகவே மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களை ஒதுக்கி வைத்துவிடுங்கள். தேசியப் பதக்கம் ஒவ்வொன்றுக்கும், அந்தப் போட்டியில் எத்தனை மாநிலங்கள் ஆடின, அணிக்கு எப்படித் தேர்வு நடந்தது என்பதை வாலிபால் சங்கத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

செய்தித்தாள் துணுக்குகளையும் எடுத்துப் பாருங்கள். ஆசையோடு படத்தைச் சுற்றிக் கத்தரிக்கும்போது, மேலே இருந்த தேதியும் எழுதியவர் பெயரும் பெரும்பாலும் போய்விடும். விதியோ தலைப்பு, தேதி, எழுதியவர் மூன்றையும் கேட்கிறது. நூலகத்தில் முழுப் பக்கத்தையும் நகலெடுத்து, முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியையும் இணையுங்கள். அணி வென்ற செய்தியின் கடைசி வரியில் மட்டும் உங்கள் பெயர் இருந்தால், அது உங்களைப் பற்றிய செய்தியாக ஏற்கப்படுவது கடினம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. கொரியாவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் லீ மான்-சூ, சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் பயிற்சியாளராகப் பணியாற்ற இதே பிரிவில் மனுச் செய்தார். ஆடும் திறமை வேறு, பயிற்றுவிக்கும் திறமை வேறு என்று மனு நிராகரிக்கப்பட்டது. 2002-இல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அண்மைக் காலம் வரை புகழோடு ஆடியவர், தேசிய அளவில் பயிற்சியாளராகவும் பெயர் பெற்றிருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகாரிக்கு இடமுண்டு. உங்கள் கடிதத்திலோ பயிற்சி அளித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் பயின்று மாநில அணிக்கோ இந்திய அணிக்கோ சென்ற பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய தேர்வு ஆணைகளோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். அப்படி எவரும் இன்னும் இல்லையென்றால், இப்போதைக்கு மனுவைத் தள்ளிவைப்பதே நல்லது.