ஸ்டாக்ஹோமில் ஒன்றரை நாள்: பாட்டி, பிள்ளைகளோடு

வணக்கம். முட்டிவலி உள்ள அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஜூனில் ஒன்றரை நாளில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். முழு நாளை யூர்கோர்டன் தீவுக்கே கொடுங்கள். ஸ்லுஸ்ஸென் படகுத்துறையிலிருந்து படகில் போங்கள். மெட்ரோ, பஸ்ஸுக்கு எடுக்கும் அதே டிக்கெட் இதற்கும் செல்லும்.

முதலில் வாசா அருங்காட்சியகம். 1628-இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கி, 1961-இல் மேலே தூக்கப்பட்ட போர்க்கப்பல். பின்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள், மரச்சிற்பங்கள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. உள்ளே வெளிச்சமும் குறைவு, குளிரும் இருக்கும், ஸ்வெட்டர் அவசியம். 18 வயது வரை கட்டணம் கிடையாது.

அப்புறம் பக்கத்திலேயே ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம். பழைய வீடுகள், கரடி, மூஸ் என்ற பெரிய மான் எல்லாம் உண்டு. ஆனால் மேடான இடம், அம்மாவை அதிகம் நடக்கவிடாதீர்கள்.

மீதி அரை நாள் காம்லா ஸ்டான் என்ற பழைய நகரப் பகுதி. அங்கே தெருவெல்லாம் உருளைக்கல், முட்டிக்கு ஆகாது. அம்மாவை ஸ்டோர்டொரியெட் சதுக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளை மிகக் குறுகலான இடத்தில் 90 செ.மீ. அகலமே உள்ள மோர்டென் ட்ரோட்சிக் சந்துக்குக் கூட்டிப்போங்கள். ரொக்கத்தை நம்ப வேண்டாம், பல கடைகளில் கார்டு மட்டும்தான்.