அடுப்படி கேள்வி – பதில்: மார்கழிக் குளிருக்குச் சூடாக

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் பொங்கல், ரசம், கஞ்சி, கூழ் பற்றியவை. மிளகு எவ்வளவு, சுக்கு எவ்வளவு என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் செய்முறைகளைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் தண்ணீர் அளவிலும் அடுப்பை அணைக்கும் நேரத்திலும்தான் இருக்கிறது.

வெண்பொங்கல் இறக்கும்போது குழைவாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் கல் போல் இறுகிவிடுகிறது. நெய்யைக் கூட்டியும் பயனில்லை. ஏன்? – வாசகி, கும்பகோணம்

நெய்யால் பொங்கலுக்கு மினுமினுப்பும் மணமும் வரும். இறுக்கத்தைத் தடுக்க அதனால் ஆகாது. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். காலை நேரக் குளிரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் சாப்பிடும் பதத்தில் இறக்கக் கூடாது. கரண்டியில் எடுத்தால் வழிந்து விழ வேண்டும், ‘கொஞ்சம் நீர்த்துவிட்டதோ’ என்று சந்தேகம் வர வேண்டும். அதுதான் இறக்கும் பதம்.

பச்சரிசி 1 டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் 6 டம்ளர். பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வறுங்கள். சிவந்துவிட்டால் கரையாமல் தனித்தனியாக நிற்கும். உப்பும் இஞ்சியும் சேர்த்து நடுத்தரத் தீயில் ஐந்தாறு விசில். 200 மில்லி டம்ளரில் இந்த அளவுக்கு 5 லிட்டர் குக்கர் வேண்டும். 3 லிட்டரில் வைத்தால் கஞ்சியெல்லாம் விசில் வழியாக மேடைக்கு வந்துவிடும், மிஞ்சுவது கெட்டிப் பொங்கல்தான். பலருடைய ‘கல் பொங்கலுக்கு’ உண்மையான காரணம் இதுவே.

குக்கரைத் திறந்ததும், சூடு இறங்கும் முன்பே, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிட்டு, கொதிக்கும் தண்ணீர் அரை டம்ளர் சேர்த்துக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சோறு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். புது அரிசியானால் முதலில் 5 டம்ளர் போதும்.

தாளிக்க நெய் 4 மேசைக்கரண்டி. ஒன்றரை டீஸ்பூன் மிளகில் ஒரு பங்கை முழுதாகவும் இரண்டு பங்கை ஒன்றிரண்டாக இடித்தும் போடுங்கள். எல்லாம் முழு மிளகாகப் போட்டால் அத்தனையும் தட்டின் ஓரத்துக்குத்தான் போகும். மிளகு பொரிந்த பிறகு சீரகம், பிறகு முந்திரி, கறிவேப்பிலை, கடைசியில் பெருங்காயம்.

மிளகு ரசம் வைத்தால் காரம் இருக்கிறது, மணம் இல்லை. லேசாகக் கசக்கவும் செய்கிறது. – வாசகர், திருச்சி

நன்றாகக் கொதித்தால்தான் மிளகு இறங்கும் என்று ரசத்தைத் தளதளவென்று விடுகிறீர்கள். கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடும். மிளகின் காரம் மட்டும் போகாது. ‘காரம் உண்டு, மணம் இல்லை’ என்று நீங்கள் எழுதியது அதைத்தான்.

நான்கு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளி. ஒன்றரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டு ஏழெட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்க வேண்டிய பொருள் புளி மட்டும்தான். துவரம்பருப்பு 1 டீஸ்பூன், மிளகு ஒன்றரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 1 ஆகியவற்றை அரைச் சொட்டு நெய்யில் வறுத்து, வறுக்காத சீரகம் 1 டீஸ்பூனும் நான்கு கறிவேப்பிலையும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மிக்ஸியில் மையாக ஓட்டினால் ரசம் சேறு போல் கலங்கி, தொண்டையில் கரகரக்கும். பொடியைப் போட்டதும் பருப்புத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ ஒன்றரை டம்ளர் ஊற்றி, தீயைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்தில் நுரை கூடும். பிறகு நடுவை நோக்கி நகரும். நடுவில் நுரை மூடி, உடைந்து கொதிக்கப் போகும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிடுங்கள். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி உடனே மூடிவிட வேண்டும்.

கசப்புக்குப் பொடியைக் கருக விட்டதும் காரணமாகலாம். தாளிக்கும் கடுகு கறுகினாலும் கசக்கும். பெருங்காயம் கூடினாலும் கசக்கும். கட்டிப் பெருங்காயமானால் மிளகளவுதான்.

பாட்டியின் ஈயச்சொம்பில் ரசம் வைத்தேன். விளிம்பு உருகி ஒழுகிவிட்டது. பாத்திரம் போலியா? – வாசகி, மயிலாடுதுறை

போலியாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே ரசம் இருக்கும் உயரம் வரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ரசத்துக்கு மேலே காலியாக இருக்கும் சுவரில் தீ நக்கினால் உருகத்தான் செய்யும். சொம்பில் முக்கால் வரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள், தீ அடிப்பாகத்தைத் தாண்டக் கூடாது, தாளிப்பதை வேறு கரண்டியில் செய்யுங்கள். எவர்சில்வரில் ரசம் வைத்து, இறக்கியதும் ஈயச்சொம்பில் மாற்றி மூடிவைப்பது இன்னும் பத்திரம்.

புதிதாக வாங்குகிறவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். காரீயம் கலந்த பாத்திரம் நஞ்சு, அதிலும் புளி கொதித்தால் சொல்லவே வேண்டாம். வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்க்கும்போது பென்சில் போலக் கறுத்த கோடு விழுந்தால் வாங்காதீர்கள். கோடு விழாததாலேயே சுத்தம் என்று ஆகிவிடாது. நம்பகமான பாத்திரக்கடையில் கேட்டு வாங்குவதுதான் வழி.

மாற்றலாகி ஊட்டி வந்திருக்கிறோம். சட்டியில் துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் வெந்தும் நறுக்கென்றிருக்கிறது. பருப்பு பழசா? – வாசகி, உதகமண்டலம்

பழசாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் ஊரின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது; ஆவிதான் அதிகமாகும். கொதிக்கிறதே என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள், பருப்புக்கோ போதுமான சூடு போய்ச் சேரவில்லை.

குக்கர்தான் இதற்கு மருந்து. பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். விசிலை எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல். கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை என்றால் இரவு முழுதும் ஊற வேண்டும். பருப்பு வேகும் முன் புளியோ தக்காளியோ சேர்க்காதீர்கள். புளிப்புப் பட்டால் பருப்பு மலராது. சோடா உப்பைத் தவிர்த்துவிடலாம், அது பருப்பைக் குழைக்கும்போதே ருசியையும் கெடுத்துவிடும்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், கம்பளி சுற்றிப் பதினாறு மணி நேரம் பொறுங்கள்.

விடுதி அறையில் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் மட்டும் இருக்கிறது. சளி பிடித்தால் குடிக்க எளிமையாக ஒரு கஞ்சி சொல்லுங்கள். முன்பு முயன்றபோது பொங்கி வழிந்து மேசையெல்லாம் கஞ்சி. – மாணவி, கோவை

பூண்டுக் கஞ்சி வையுங்கள். புழுங்கலரிசிக் குருணை அரை கப், பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, உரித்த பூண்டு 10 பல், வெந்தயம் கால் டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், தண்ணீர் 5 கப். வெந்தயம் அரை டீஸ்பூனைத் தாண்டினால் கஞ்சி கஷாயமாகிவிடும்.

வழிவதற்குக் காரணம் நுரை. அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியின் கீழ் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்துச் சந்து விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் வற்றி அடிப்பாகத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டினால்தான் ரைஸ் குக்கரின் ஸ்விட்ச் தானாக மேலே வரும். கஞ்சியில் தண்ணீர் வற்றுவதில்லை, எனவே ஸ்விட்ச் விழுந்தபடியே இருக்கும். அடி கெட்டியாகிப் பிடித்த பிறகு, தீய்ந்த வாசத்தோடுதான் மேலே வரும். அதை நம்பாமல் 35 நிமிடத்தில் நீங்களே அணைத்து, மூடியபடி பத்து நிமிடம் விடுங்கள். உப்பு அதன் பிறகு. தேங்காய்ப்பால் கிடைத்தால் அரை கப், அதுவும் அணைத்த பிறகுதான்; கொதித்தால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு போதும்.

சுக்கு காபியில் பால் ஊற்றினால் திரிந்துபோகிறது. – வாசகர், சேலம்

பாலும் வெல்லமும் அடுப்பில் ஒன்றாகக் கொதிக்கக் கூடாது. சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்ததை வடிகட்டி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, தனியாகக் காய்ச்சிய பாலைச் சேருங்கள். பச்சை இஞ்சி போடுகிறவர்கள் தண்ணீரிலேயே அதை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், இல்லையென்றால் இஞ்சியே பாலைத் திரித்துவிடும். எங்களைக் கேட்டால் சுக்கு காபிக்குப் பாலே தேவையில்லை.

பொடிக்கு மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 1 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, ஏலக்காய் 6. ‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்பார்கள், மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடியுங்கள். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் வடிகட்டாமல் விடாதீர்கள்.

மதுரையில் தள்ளுவண்டியில் குடித்த பருத்திப்பாலை வீட்டில் செய்ய முடியுமா? – வாசகி, சென்னை

முடியும். முதலில் விதையைப் பாருங்கள். விதைப்புக்கு விற்கும் பருத்தி விதையில் மருந்து கலந்திருப்பார்கள், பெரும்பாலும் சாயமும் ஏற்றியிருப்பார்கள். அதை எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்கு ஆகாது. பருத்திப்பாலுக்கு என்று கேட்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்குங்கள்.

விதை 1 கப் எட்டு மணி நேரம் ஊறட்டும். கழுவி, தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். மூன்று முறை அரைத்துப் பிழிந்தால் 4 கப் பால் வரும். பால் அடுப்பில் ஏறியதும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் திரும்பினால் அடி பிடித்து, அந்த வாசம் கடைசிவரை போகாது. நன்றாகக் கொதித்து, பச்சை வாசம் அடங்க பதினைந்து நிமிடமாவது ஆகும். இதில் அவசரம் கூடாது. பச்சரிசி மாவு 2 மேசைக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கெட்டிப்பட்டதும் கரைத்து வடிகட்டிய கருப்பட்டி முக்கால் கப், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், ஏலக்காய், இறக்கியதும் தேங்காய்த் துருவல்.

ஒடியல் கூழ் காய்ச்சினால் கைக்குது. பிள்ளைகள் வாயில் வைக்கினம் இல்லை. மா பழுதோ? இங்கே ரொறன்ரோவில் மைனஸ் இருபது குளிருக்கு அதைப் போல ஒன்றும் வராது. – வாசகர், கனடா

மா பழுதில்லை. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் கைப்பு இருக்கவே செய்யும், அதை நீரில் போக்கிவிட்டுத்தான் கூழில் சேர்க்க வேண்டும். கைக்கிறது என்று புழுக்கொடியல் மாவுக்கு மாறிவிடாதீர்கள். அது தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துச் சாப்பிட நல்லது, கூழில் அந்தப் பிடிப்பு வராது.

எட்டுப் பேருக்கு ஒடியல் மா 200 கிராம். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். மா அடியில் தங்கியதும் மேல் நீரை மெதுவாக வடித்து, புது நீர் விடுங்கள். இப்படி மூன்று தரம். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

மூன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி அரிசி, கோதும் உள்தோலும் நீக்கிய பலாக்கொட்டை 20, மரவள்ளி 200 கிராம், பயிற்றங்காய் 150 கிராம். இவை முக்கால் பதம் வெந்ததும் மீன் தலையும் துண்டுகளுமாக அரைக் கிலோ, நண்டு 2, இறால் 200 கிராம். செத்தல் மிளகாய் 10, மஞ்சள், உள்ளி ஆறு பல் அரைத்த கூட்டு அதற்குப் பின். எலுமிச்சை அளவு இரண்டு உருண்டைப் புளியை கிழங்கும் கொட்டையும் மெத்தென்று வெந்த பிறகே விடுங்கள். முந்திவிட்டால் எத்தனை நேரம் எரித்தாலும் கொட்டை கல்லாகவே நிற்கும். உதகை வாசகிக்குச் சொன்ன அதே விஷயம்தான்.

கடைசியில் மாக்கரைசலை ஒரு கை ஊற்ற, மறு கை துழாவ, சின்னத் தீயில் பதினைந்து நிமிடம். பாயசத்தைவிட நீர்ப்பாக இருக்கும்போதே முருங்கையிலை ஒரு கைப்பிடி போட்டு இறக்குங்கள், கோப்பைக்கு வருவதற்குள் தடித்துவிடும். பிள்ளைகளுக்கு ஊற்றும் முன் மீன்முள்ளைப் பார்த்து எடுங்கள். பிளா (பனையோலையில் மடித்த குவளை) கிடைக்காத ஊரில் கனமான மண் குவளை சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும்.

அலுவலகத்துக்கு ரசம் எடுத்துப் போகிறேன். மதியம் திறந்தால் ஒரு மக்கு வாசம். – வாசகர், ஓசூர்

கொத்தமல்லித் தழையை ஃபிளாஸ்க்கில் போட்டு மூடாதீர்கள். சூட்டிலேயே அவிந்து கறுத்து அந்த வாசத்தைத் தருவது அதுதான். தனியாக எடுத்துப் போய்க் குடிக்கும்போது கிள்ளிப் போடுங்கள். ரசம் ஊற்றும் முன் ஃபிளாஸ்க்கில் கொதிக்கும் தண்ணீரை ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், பழைய ரசம் அதற்கடியில்தான் தங்கியிருக்கும்.