ஆண்களுக்கென்று தனிக் குடிநோய் மையம் அவசியமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். குவார்ட்டரில் தொடங்கிய குடி, தினமும் இரவில் ஒரு ஆஃப் என்று ஆகிவிட்டது. காலையில் கை நடுங்குவதால் கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். போன வருடம் நானாகவே நிறுத்தினேன். மறுநாள் வலிப்பு வந்துவிட்டது. தாம்பத்தியத்திலும் குறை இருக்கிறது. மனைவி முன்னால் இதைப் பேசக் கூச்சம். ஆண்களுக்கான மையத்தில் சேரலாமா?

பதில்: மையத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இன்னொரு முறை நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு மீண்டும் வரும் அபாயம் அதிகம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் பொதுவாக அது வரும். அதையடுத்து மனக்குழப்பம் வரலாம். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், யாரோ அடிக்க வருவதாகத் தோன்றும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் படுக்கவைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளோர்டயசெபாக்சைடு அல்லது லோரசெபாம் மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்போம். கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை உண்டு.

இனி உங்கள் கேள்வி. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். ஆகவே நம் மையங்கள் பெரும்பாலும் ஆண்களால்தான் நிரம்பியிருக்கின்றன. பலகையில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதில் பெரிய விசேஷம் இல்லை. உள்ளே உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீண்ட நாள் குடி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும், நரம்புகளைக் கெடுக்கும். விறைப்புக் கோளாறு அதனால்தான் வந்திருக்கலாம். நிறுத்திய சில மாதங்களில் பலருக்குச் சீராகிறது. லேகிய விளம்பரக்காரர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். இந்தக் குறையே மனைவி மீது சந்தேகமாகத் திரும்பி, அடிதடி வரை போன குடும்பங்கள் உண்டு. மனச்சோர்வும் பல ஆண்களிடம் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாகத்தான் வரும். "சும்மா டென்ஷன் டாக்டர்" என்பார்கள். இவற்றைக் கேட்காத மையத்தில் ஆண்கள் மட்டுமே இருந்து என்ன பயன்?

ஆனால் ஆண்கள் மட்டும் கூடிப் பேசும் குழு நிச்சயம் உதவும். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்ததை ஒருவர் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். மனைவியோடு சேர்ந்த ஆலோசனையைச் சில வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். அது உங்கள் உரிமை.

சேருமுன் மனநல மருத்துவர் தவறாமல் வருகிறாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா, மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். "அடித்துத் திருத்திவிடுவோம்" என்று சொல்லும் இடத்துக்குள் கால் வைக்காதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. குழம்பில் தெரியாமல் கலக்கும் மருந்தை யாராவது உங்கள் வீட்டாருக்குச் சொன்னால் தடுத்துவிடுங்கள். அது குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையாக இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்கு பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். அண்ணன் தம்பி யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்கள். வலிப்பு வந்த விஷயத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.