அவதூறுச் சட்டத்தில் எதை மாற்ற வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: என்னைப் பற்றி இணையத்தில் தப்பாக எழுதியவர் மேல் எஃப்ஐஆர் போடச் சொல்லலாமா?

பதில்: அவதூறு மட்டும்தான் என்றால் முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். உங்களைத் தவிர இன்னொருவர் அதைப் படித்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாக அடித்துவிடுவார்.

கேள்வி: எத்தனை நாளுக்குள்?

பதில்: கிரிமினலுக்கு 3 ஆண்டு. நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு வெளியான நாளிலிருந்து 1 ஆண்டுதான். நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருந்தால் அதைக் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

கேள்வி: எழுதியது உண்மை. அப்புறம் என்ன பயம்?

பதில்: சிவிலில் உண்மையை நிரூபித்தால் தப்பிக்கலாம். கிரிமினலில் அது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். அந்தச் சுமை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில். ஒப்பந்ததாரர் கட்டிய பாலத்தில் விரிசல் என்று எழுதினால் காட்டிவிடலாம். அவர் வீட்டுப் பழைய தகராறை எழுதினால், அத்தனையும் நிஜமே என்றாலும் சிக்கல்தான்.

கேள்வி: புதிய சட்டத்தில் என்ன மாறியது?

பதில்: 1.7.2024 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 இரண்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356 ஆகின. 2 ஆண்டு வரை சிறை அப்படியே. சிறை, அபராதத்துக்கு மாற்றாகச் சமூக சேவை என்ற தண்டனை வாய்ப்பு புதிதாகச் சேர்ந்தது. அதைவிட முக்கியமானது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 223-ஆம் பிரிவு: கோர்ட் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிரியின் பேச்சைக் கேட்க வேண்டும். முன்பெல்லாம் சம்மன் கைக்கு வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரியும்.

கேள்வி: கிரிமினல் அவதூறையே ஒழித்தால் என்ன?

பதில்: 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 2024-இல் சட்ட ஆணையத்தின் 285-ஆவது அறிக்கையும் வைத்துக்கொள்ளவே சொன்னது. இலங்கை 2002-இலேயே நீக்கிவிட்டது. என்னைக் கேட்டால் நீக்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால், கோடிகளில் நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கு அதே மிரட்டலைச் செய்யும். தீர்ப்பு கிடக்கட்டும்; வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதிலேயே ஆள் ஓய்ந்துவிடுவார். அதனால் வடிகட்டி வாசலில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் 2013 சட்டம் அதைத்தான் செய்தது: கடும் பாதிப்பைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும், லாப நோக்கு நிறுவனம் என்றால் கடும் பண நஷ்டத்தைக் காட்ட வேண்டும். அதே ஆள் அதே செய்தியை மறுபடி வெளியிட்டாலும், முதலில் வெளியான நாளிலிருந்தே ஓராண்டு கணக்கு. இங்கே அப்படி ஒரு பிரிவும் இல்லை.

கேள்வி: வழக்கு முடியும்வரை கட்டுரைக்குத் தடையாணை கேட்டால் கிடைக்குமா?

பதில்: சட்டென்று கிடைக்கக் கூடாது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் அப்படிப்பட்ட இடைக்காலத் தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தடை கேட்டு மனு வந்தால் பதில் மனுவில் முதலில் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.